பிறந்தநாள் பிள்ளை விருந்தாளி அல்ல

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மாலை. ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளம். தூண்களில் பலூன்கள். நடுவில் ஒரு பெரிய நாற்காலி. அதில் தலையில் காகிதக் கிரீடத்துடன் பிறந்தநாள் பிள்ளை. அப்பா ஒரு பக்கம் ஐஸ் கட்டி வாங்க ஓடுகிறார். அம்மா இன்னொரு பக்கம் மெழுகுவத்தியைத் தேடுகிறார். பணிப்பெண் தட்டுகளை அடுக்குகிறார். வாடகைக்கு வந்த வித்தைக்காரர் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறார். மூலையில் பக்கத்து வீட்டு மலாய்ச் சிறுவன் ஒருவன் உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் கொறித்துக்கொண்டிருக்கிறான். மேசையில் இருக்கும் கோழியைத் தான் சாப்பிடலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரும் அவனிடம் சொல்லவும் இல்லை.

இரவு வீட்டில் இருபது அன்பளிப்புகளும் பிரிக்கப்படுகின்றன. இருபதையும் பிரித்து முடித்த பிள்ளை, தான் எதிர்பார்த்த ஒரு பொருள் வரவில்லை என்று அழுகிறது. "இவ்வளவு செய்தும் இதற்குத் திருப்தி இல்லையே" என்று பெற்றோர் சலித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா? அன்று முழுவதும் அதற்குக் கொடுக்கப்பட்ட ஒரே வேலை வாங்கிக்கொள்வதுதான். அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது. பலூன் கட்டியவர், சமைத்தவர், வரவேற்றவர், பரிமாறியவர், பெருக்கியவர் எல்லாரும் பெரியவர்கள். தன் பிறந்தநாளுக்குத் தானே ஒரு விருந்தாளியாக வந்து போயிருக்கிறது அந்தப் பிள்ளை.

கொடுத்த கை எங்கே போனது?

நம் வழக்கம் அப்படி இருந்ததில்லை. நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம், பெரியவர்கள் காலில் விழுந்து வாழ்த்துப் பெறுவது ஆகியவற்றோடு இன்னொன்றும் உண்டு. புதுச் சட்டை போட்டுக்கொண்டு மிட்டாய் டப்பாவுடன் வகுப்புக்குப் போய், ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுப்பது பிறந்தநாள் பிள்ளைதான். ஆசிரியரிடம் நீட்டும்போது "இன்னிக்கு எனக்குப் பிறந்தநாள், எடுத்துக்குங்க டீச்சர்" என்று சொல்ல வேண்டும். கூச்சப்படும் பிள்ளைகூட அன்று நாற்பது பேரின் முகத்தைப் பார்த்தது.

நம்முடன் வாழும் மற்றவர்களிடமும் இதே எண்ணம் இருக்கிறது. சீனர் வீடுகளில் குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைந்ததும் சிவப்புச் சாயம் பூசிய முட்டைகளை உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுப்பார்கள். மலாய்க்காரர்களின் கெண்டூரி விருந்தில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. மூன்று இனத்தவருக்கும் ஒரே கணக்குதான்: மகிழ்ச்சி எந்த வீட்டில் நடக்கிறதோ அந்த வீடுதான் கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் மெக்டோனல்ட்ஸ் 1979ல் ஆர்ச்சர்ட் ரோட்டின் லியட் டவர்சில் முதல் கடையைத் திறந்தது. பின்னர் விரைவு உணவுக் கடைகளில் பிறந்தநாள் கொண்டாடுவது பிள்ளைகளின் பெருங்கனவானது. விளையாட்டு நடத்துவதற்கும் கேக் வெட்டுவதற்கும் கடை ஊழியரே இருப்பார். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது பெரிய உதவி. அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே பெற்றோரின் வேலையோடு பிள்ளையின் வேலையும் சேர்ந்தே காணாமல் போனது. இன்று கேக், பலூன், வித்தை, அன்பளிப்புப் பை எல்லாம் ஒரே விலையில் கிடைக்கின்றன. பணத்தைக் கட்டினால் போதும். பிள்ளை வந்து உட்கார்ந்தால் போதும்.

அந்த வேலையில் ஒரு பகுதியைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்தால் என்ன நடக்கும்? பத்து வயது நிறையப் போகும், தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். "இந்த வருஷம் விருந்து கொடுக்கிறது நீதாம்மா. அப்பாவும் அம்மாவும் உனக்கு உதவியாளுங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவள் எதையெல்லாம் கற்றுக்கொள்வாள்?

யாரை அழைப்பது?

முதல் பாடமே கடினமானது. வீட்டில் பதினைந்து பேருக்குத்தான் இடம். வகுப்பில் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் பிள்ளைகள். பட்டியல் எழுத உட்கார்ந்த உடனே, அதில் இல்லாதவர்களின் பட்டியலும் தானாகவே உருவாகிவிடுகிறது.

இது சிறு விஷயம் அல்ல. சுவீடனில் லுண்ட் நகரப் பள்ளி ஒன்றில் 2008ல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் பிறந்தநாள் அழைப்பிதழ்களை வகுப்பிலேயே கொடுத்தான். இரண்டு பையன்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. ஒருவன் தன் விருந்துக்கு இவனை அழைக்கவில்லையாம். இன்னொருவன் இவனைத் துன்புறுத்தியவனாம். பள்ளி, சிலரை ஒதுக்குவது சரியல்ல என்று அழைப்பிதழ்களைப் பறிமுதல் செய்தது. சிறுவனின் தந்தை நாடாளுமன்றத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் முறையிட்டார். ஒரு பிறந்தநாள் அழைப்பிதழ் நாடு முழுவதும் விவாதமானது.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தன்னை அடித்தவனை வீட்டுக்கு அழைக்கும்படி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக்கூடாது. அதே நேரத்தில், எல்லார் மேசையிலும் அழைப்பிதழ் விழ, தன் மேசை மட்டும் காலியாக இருப்பதைப் பார்த்த பிள்ளை அதை எளிதில் மறக்காது.

விருந்து கொடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய பண்பு இதில்தான் இருக்கிறது. எல்லாரையும் அழைக்க முடியாதபோது, அழைப்பதை மற்றவர் கண் முன்னே செய்யாமல் இருக்கலாம். வகுப்பில் கொடுக்காமல் வீட்டுக்குப் பேசி அழைக்கலாம். மறுநாள் பள்ளியில் விருந்தைப் பற்றிப் பெருமை பேசாமல் இருக்கலாம். பள்ளி அனுமதித்தால் வகுப்பு முழுவதற்கும் சிறு இனிப்பு கொடுக்கலாம். "யாரோட பேச யாருமே இல்லாம இருக்கிற பிள்ளை ஒண்ணு உன் வகுப்புல இருக்கா?" என்று அம்மா ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் பட்டியலை மகளிடமே விட்டுவிடலாம். அந்தப் பெயரை அவளாகவே எழுதினால், அந்த ஆண்டின் மிகப் பெரிய பரிசு அதுதான்.

குறைந்த எண்ணிக்கை ஒரு குறை அல்ல என்பதை 2020 காட்டியது. கிருமித்தொற்றுக் கட்டுப்பாடுகள் ஓரளவு தளர்ந்து, அந்த ஆண்டு ஜூன் 19 முதல் ஒரு வீட்டுக்கு ஐந்து விருந்தினர் வரலாம் என்று அனுமதி வந்தபோது, அந்த ஐவர் யார் என்று ஒவ்வொரு குடும்பமும் யோசித்தது. வித்தைக்காரரும் இல்லை, மண்டபமும் இல்லை. வந்தவரோடு உட்கார்ந்து பேசுவதே கொண்டாட்டமாக இருந்தது.

அழைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெரியவர்களைக் குறுஞ்செய்தியில் அழைக்க முடியாது. "பெரியப்பா, நல்லா இருக்கீங்களா? ஞாயித்துக்கிழமை சாயந்தரம் எனக்குப் பிறந்தநாள். நீங்களும் பெரியம்மாவும் கண்டிப்பா வரணும்" என்று தொலைபேசியில் சொல்ல வேண்டும். தமிழ்ப் பாடநூலில் வாய்மொழித் தேர்வுக்காகப் பேசும் பிள்ளை, இங்கே ஒருவரை வரவழைப்பதற்காகப் பேசுகிறது. எதிர்முனையில் பெரியப்பாவின் குரல் மலர்வதைக் கேட்ட பிள்ளைக்கு, தமிழ் எதற்குப் பயன்படும் என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

ஒரு மேசையில் நான்கு வீட்டுப் பிள்ளைகள்

வீவக குடியிருப்புகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989ல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழ அது வழிவகுக்கிறது. பள்ளிகளில் 1990களின் இறுதியிலிருந்து ஜூலை 21ஆம் தேதியை ஒட்டி இன நல்லிணக்க நாள் கொண்டாடப்படுகிறது. அன்று பிள்ளைகள் ஒருவர் உடையை ஒருவர் அணிந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது நல்லது. ஆனால் உடை மாற்றிக்கொள்வதைவிடக் கடினமானது, ஒரே மேசையில் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட வைப்பது.

நம் சிறுமியின் பட்டியலில் ஒரு மலாய்த் தோழி இருக்கிறாள். அவளுக்கு உணவு ஹலாலாக இருக்க வேண்டும். முயிஸ் அமைப்பின் ஹலால் சின்னம் உணவுப் பொட்டலத்தில் எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்கிறாள். ஒரு சீனத் தோழன் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள். குவான் யின் தெய்வத்தை வணங்கும் சீனர்கள் பலர் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பதுண்டு என்பது அவளுக்குப் புதுச் செய்தி. "எங்க பாட்டியும் சாப்பிட மாட்டாங்களே!" என்று ஆச்சரியப்படுகிறாள். மாடியில் இருக்கும் இன்னொரு தோழி சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அப்படியானால் கேக்? முட்டை சேர்க்காத கேக் என்று ஒன்று இருப்பதை அப்போதுதான் தெரிந்துகொள்கிறாள். இன்னொருவனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. அது விருப்பு வெறுப்பு அல்ல, உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அவன் அம்மா சொன்ன பிறகு கடலை மிட்டாயைப் பட்டியலிலிருந்து தானே அடித்துவிடுகிறாள்.

இதில் ஒரு சுவையான செய்தி. ஜெல்லி மிட்டாய்களிலும் மார்ஷ்மெலோவிலும் சேரும் ஜெலட்டின், விலங்குகளின் தோலிலும் எலும்பிலுமிருந்து எடுக்கப்படுகிறது. பன்றியிலிருந்தும் எடுப்பார்கள், மாட்டிலிருந்தும் எடுப்பார்கள். ஆகவே ஒரு சின்ன மிட்டாய் நான்கு வீட்டுப் பிள்ளைகளில் மூவருக்கு ஆகாமல் போகலாம். ஆனால் அகார்-அகார் கடற்பாசியிலிருந்து வருவது. தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து வீட்டில் காய்ச்சி, தட்டில் ஊற்றி, ஆறியதும் வில்லை போட்டால் அதை எல்லாரும் சாப்பிடலாம். விலையுயர்ந்த கேக்கைவிட அந்தத் தட்டு அன்று பெரிய வேலை செய்யும்.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். பிள்ளைகள் குறளை வகுப்பில் மனப்பாடம் செய்கிறார்கள், போட்டியில் ஒப்பிக்கிறார்கள். அந்த அதிகாரத்துக்குச் செய்முறைப் பாடம் வேண்டுமென்றால், "உனக்கு என்ன பிடிக்கும்?" என்ற கேள்வியைப் பிறந்தநாள் பிள்ளையிடம் கேட்பதோடு நிறுத்தாமல், "வர்றவங்க என்ன சாப்பிடுவாங்க?" என்று பிள்ளையையே கேட்க வைத்தால் போதும்.

150 வெள்ளியும் தேக்காவும்

அடுத்தது பணம். சிறுமியிடம் 150 வெள்ளி என்று ஒரு வரம்பு சொல்லப்படுகிறது. கேக்குக்கு 45 வெள்ளி போனால் மீதி 105. பதினைந்து பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 7 வெள்ளி. அந்த ஏழில் சாப்பாடு, பானம், பலூன், கொடுத்தனுப்பும் பை எல்லாம் அடங்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் இதே கேள்வி வந்தால் கொட்டாவி வரும். தன் விருந்து என்றால் மூன்று முறை கூட்டிப் பார்ப்பாள்.

அவளைச் சனிக்கிழமை காலை தேக்காவுக்கு அழைத்துச் செல்லலாம். சந்தையின் கீழ்த்தளத்தில் காய்கறி, மீன், சாப்பாட்டுக் கடைகள், மேல்தளத்தில் துணிக்கடைகள் என்று தேக்கா நிலையமே ஒரு வகுப்பறை. பஃபலோ ரோட்டில் வாழையிலை என்ன விலை, ஒரு தலைவாழை இலையை எத்தனை துண்டாக வெட்டலாம் என்று கேட்கட்டும். பூக்கடையில் உதிரிப்பூ வாங்கினால் பலூனில் பாதியைக் குறைக்கலாமா என்று யோசிக்கட்டும். இந்தியாவிலிருந்து வரும் பொட்டலங்களில் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி இருக்கும். மளிகைக் கடையில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். "அண்ணே, பதினஞ்சு பேருக்கு முறுக்கு எவ்வளவு போதும்?" என்று கடைக்காரரிடம் கேட்டால், அவர் தம் அனுபவத்தையும் சேர்த்தே நிறுத்துக் கொடுப்பார்.

அவள் தவறும் செய்வாள். பலூனுக்கு அதிகம் செலவழித்துவிட்டு, கொடுத்தனுப்பும் பைக்குப் பணம் போதாமல் நிற்பாள். அந்த இடத்தில்தான் பெற்றோரின் கை சட்டைப் பைக்குள் போகும். போகவிடக் கூடாது. பணம் போதாவிட்டால் என்ன செய்வது என்பதுதானே பாடம். பைக்குப் பதிலாக அவள் கையால் வரைந்த புத்தகக் குறி ஒன்றும் இரண்டு முறுக்கும் கொடுத்தால் யாரும் குறையாக நினைக்கப் போவதில்லை.

இங்கே பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் விருந்து பல நேரங்களில் பெரியவர்களின் போட்டியாகிவிடுகிறது. போன மாதம் அவர்கள் ஹோட்டலில் செய்தார்கள் என்பதற்காக இந்த மாதம் இவர்கள் கடன் அட்டையைத் தேய்க்கிறார்கள். பிள்ளை எதைக் கற்றாலும் கற்காவிட்டாலும், அதை மட்டும் கட்டாயம் கற்றுக்கொள்ளும்.

வாசலில் நிற்பவர் யார்?

விருந்து நாள். வீட்டு மணி அடிக்கிறது. கதவைத் திறக்க வேண்டியது பிறந்தநாள் பிள்ளை. "வாங்க, வாங்க" என்று சொல்லி, காலணியை எங்கே வைப்பது என்று காட்டி, தண்ணீர் கொடுத்து, வந்தவரை ஏற்கெனவே இருப்பவரோடு சேர்த்துவிட வேண்டும். "இவ பக்கத்து வீட்டு அக்கா. இவன் என் வகுப்பு. இவனுக்கும் காற்பந்துன்னா உயிர்" என்று இருவருக்கும் பேச ஒரு நூல் எடுத்துக் கொடுப்பது பெரிய கலை. பல பெரியவர்களுக்கே அது வருவதில்லை.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது கடினம்தான். அந்தப் பிள்ளையை வாசலில் நிறுத்த வேண்டியதில்லை. அகார்-அகார் தட்டை ஏந்தி ஒவ்வொருவரிடமும் போகச் சொன்னால் போதும். கையில் கொடுக்க ஒன்று இருந்தால் வாயில் பேச்சு தானே வரும்.

அன்பளிப்பு வரும்போது இன்னொரு தேர்வு. சீன நண்பர்கள் சிலர் சிவப்பு உறையில் இரட்டைப்படைத் தொகை வைப்பார்கள், நான்கைத் தவிர்ப்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் 51, 101 என்று ஒற்றைப்படையில் கொடுப்பார்கள். ஒருவருக்கு மங்கலமான எண் மற்றவருக்கு அப்படி இல்லை. ஆனால் எண்ணத்தில் இருவரும் ஒன்றே. பிள்ளை எதையும் அங்கேயே பிரித்துப் பார்த்து ஒப்பிடக்கூடாது. இரண்டு கையாலும் வாங்கி, முகத்தைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். ஏற்கெனவே இருக்கும் அதே புத்தகம் வந்தாலும் முகம் மாறக்கூடாது. அது பொய் சொல்வதாகாது. கொண்டு வந்தவர் கடையில் நின்று இவளை நினைத்த ஐந்து நிமிடத்துக்குத்தான் அந்த நன்றி.

விளையாட்டில் பிறந்தநாள் பிள்ளையே ஜெயிக்க வேண்டும் என்ற எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. அதையும் தளர்த்திவிடலாம். தன் வீட்டில், தன் நாளில், வேறொருவன் பரிசு வாங்குவதைப் பார்த்துக் கைதட்டிய பிள்ளை, தேர்விலும் விளையாட்டுத் திடலிலும் தோல்வியை ஓரளவு சிரித்த முகத்தோடு சந்திக்கும்.

விருந்து முடிந்த பிறகு

கடைசிப் பாடம் எல்லாரும் போன பிறகு வருகிறது. தரையில் கேக் துண்டுகள், வெடித்த பலூன்கள், பாதி குடித்த குவளைகள். இதை யார் எடுப்பது?

பல வீடுகளில் பணிப்பெண். விருந்து நடப்பதோ பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அது பல பணிப்பெண்களின் ஓய்வு நாளும்கூட. மாதத்தில் குறைந்தது ஒரு நாள் ஓய்வையாவது பணம் கொடுத்து ஈடுகட்டாமல் கட்டாயம் அளிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. விருந்துக்கு நாள் குறிக்கும்போதே "ஆன்ட்டிக்கு அன்னிக்கு லீவா?" என்று பிள்ளையைக் கேட்க வைக்கலாம். அவர் வீட்டில் இருந்தால், கேக்கில் ஒரு துண்டைத் தட்டில் வைத்துப் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். மற்றவர் சாப்பிட்ட பிறகு அல்ல, மற்றவர் சாப்பிடும்போதே.

கீழ்த்தளத்தில் விருந்து என்றால், மறுநாள் காலையில் அதைக் கூட்டுபவர் யாரோ ஒரு முதியவராகவோ, ஊரைவிட்டு வந்த வெளிநாட்டு ஊழியராகவோ இருப்பார். உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கும்படி 2021 செப்டம்பர் முதல் பெரியவர்கள் மீதே சட்டத்தைச் செயல்படுத்த வேண்டியிருந்தது. பத்து வயதில் குப்பைப் பையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தூண் தூணாகச் சுற்றிய பிள்ளைக்கு, பின்னாளில் அந்தச் சட்டம் தேவைப்படாது.

அதன் பிறகு நன்றி. வந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி. "பரிசுக்கு நன்றி" என்று மட்டும் எழுதாமல், "நீங்க சொன்ன கதைக்கு எல்லாரும் சிரிச்சாங்க" என்பது போல அவர் வந்ததால் நடந்த ஒன்றைச் சேர்த்து எழுதச் சொன்னால், பிள்ளை அந்த மாலையைத் திரும்பவும் நினைத்துப் பார்க்கும். இந்த முறை தன்னை அல்ல, வந்தவர்களை.

"பத்து வயதுப் பிள்ளையின் தலையில் இவ்வளவு சுமையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. நான்கு வயதில் மிட்டாய்த் தட்டை நீட்டினால் போதும். ஏழு வயதில் அழைப்பிதழில் தன் கையெழுத்து. ஒன்பது, பத்து வயதில் பட்டியலும் கணக்கும். விளையாடவும் சிரிக்கவும் நேரம் இருக்க வேண்டும். விருந்து கொடுப்பது தண்டனையாகிவிடக்கூடாது.

வசதி குறைந்த குடும்பங்கள் மனம் தளர வேண்டியதும் இல்லை. இங்கே சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு கிடையாது. ஒரு தட்டு அகார்-அகார், ஐந்து பிள்ளைகள், ஒரு பாய் போதும். "வாங்க" என்று சொல்லும் பிள்ளை ஒன்று இருந்தால் விருந்து நிறைந்துவிடும்.

தொடக்கத்தில் பார்த்த அந்தக் கீழ்த்தளத்துக்கு மறுபடியும் போவோம். மூலையில் அதே மலாய்ச் சிறுவன். இந்த முறை பிறந்தநாள் பிள்ளை நாற்காலியிலிருந்து இறங்கித் தட்டோடு அவனிடம் வருகிறது. "இது ஹலால். நானே பார்த்து வாங்கினேன். சாப்பிடு" என்கிறது. அவன் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிள்ளை, அன்றிரவு வராத பரிசுக்காக அழாது.

அடுத்த பிறந்தநாள் வரும்போது, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்பதற்கு முன்னால், "நீ யாருக்கு என்ன கொடுக்கப் போற?" என்று உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.